அமிர்தவல்லியின் வயிறு

பட்டிமன்ற நடுவர் குலோத்துங்கன் தன் வயிற்றைப் பற்றிப் பேசாத மேடை கிடையாது. "எனக்கு முன்னால் என் வயிறு வந்து நாற்காலியில் இடம் பிடித்துவிட்டது" என்று ஆரம்பித்தால் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாகும். அதற்குள் அவர் மூச்சு வாங்கிக்கொள்வார். ஜனங்கள் நகைச்சுவை என்று நினைத்தது உண்மையில் ஓய்வு. நாலு படி ஏறிய இளைப்பை அடக்க அவருக்கு அந்தச் சிரிப்பு தேவைப்பட்டது.

மனிதர்கள் செவ்வாய்க்குப் போய் மண் அள்ளிக்கொண்டு திரும்பிவிட்ட காலம் அது. கார்களுக்கு ஓட்டுநர் தேவைப்படவில்லை, வங்கிகளுக்குக் கட்டடம் தேவைப்படவில்லை. பட்டிமன்றத்துக்கு மட்டும் நடுவர் தேவைப்பட்டார். திருச்சியைச் சுற்றிக் கோயில் விழாவானாலும் நகைக்கடைத் திறப்பானாலும் குலோத்துங்கன்தான். தலைப்புகள் காலத்துக்கேற்ப மாறியிருந்தன. 'இல்லறத்துக்குப் பெரிதும் துணையாவது மருமகளா, இயந்திரமா?' என்று வைப்பார்கள். தீர்ப்பு மாறவில்லை. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று தொடங்கி, அரை மணி நேரம் இரண்டு பக்கத்தையும் தடவிக்கொடுத்துவிட்டு, இயந்திரம் போல உழைக்கும் மருமகளும் மருமகள் போலப் பாசம் காட்டும் இயந்திரமும் வாய்ப்பதே நல்ல இல்லறம் என்று முடிப்பார். இரண்டு அணியும் ஜெயித்துவிட்ட நினைப்போடு சாப்பிடப் போகும்.

சாப்பாட்டில் மட்டும் அவர் நடுநிலை வகித்ததில்லை.

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு விழாவில் மேடைப் படியிலேயே அவர் சரிந்து உட்கார்ந்தார். முதலில் அதற்கும் கைதட்டினார்கள். முகம் நீலம் பாய்ந்ததைப் பார்த்த பிறகுதான் தூக்கினார்கள். தூக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் எஸ்தர் எல்லாப் படங்களையும் பார்த்துவிட்டு, ஈரலில் கொழுப்பு, ரத்தத்தில் சர்க்கரை, தூக்கத்தில் மூச்சு நிற்கிறது, முட்டி தேய்ந்துவிட்டது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒல்லியான, அவசரமில்லாத பெண்மணி. குலோத்துங்கன் வழக்கம்போல வயிற்று ஜோக் ஒன்றை எடுத்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை.

"சார், இப்படியே போனா அடுத்த வருஷம் அந்த மேடைக்கு நீங்க வர வேண்டியதில்ல. உங்க படத்துக்கு மாலை போட்டு அவங்களே வெச்சிருப்பாங்க."

ஜோக்குக்குப் பதில் ஜோக்காக வரும் என்று எதிர்பார்த்தவர் அடுத்த ஜோக்கை எடுக்கவில்லை. அன்றே அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டார். வெளியில் மட்டும், உடல் என்னும் ஆலயத்துக்குத் திருப்பணி தொடங்கவிருப்பதாக அறிவித்தார்.

வயிற்றைச் சிறிதாக்குவது பெரிய காரியமில்லை என்றார் டாக்டர். வாழைக்காய் அளவுக்கு வெட்டித் தைத்துவிடலாம். ஆனால் ஆசை உள்ளவர்கள் தின்று தின்று அதையும் இரண்டு மூன்று வருஷத்தில் பைபோல இழுத்துவிடுவார்கள். குறைந்த எடை வட்டியோடு திரும்பி வரும். இப்போது அதற்கு ஒரு வழி வந்திருக்கிறது.

"வயித்துக்கும் மூளைக்கும் நடுவுல ஒரு நரம்பு ஓடுது. போதும்னு சொல்றது அதுதான். உங்களுக்கு அது சொல்றத விட்டு இருபது வருஷமாவது ஆயிருக்கும்."

"சொல்லுது டாக்டர். நான்தான் காதுல வாங்கறதில்ல."

"ரெண்டும் ஒண்ணுதான். அந்த நரம்புல அரிசி அளவுக்கு ஒரு கருவி உக்கார வைப்போம். நர்சுங்க அதை அரிசின்னே சொல்லுவாங்க. நேரம் வந்ததும் அது போதும்னு சொல்லும். என்ன, அதுக்குத் தானாத் தெரியாது. அளவாச் சாப்பிடுற ஒருத்தர்கிட்டேர்ந்து பதிவு பண்ணி அதுல ஏத்தணும்."

ஆயத்தப் பதிவுகளும் இருந்தன. நார்வேக்காரப் பனிச்சறுக்கு வீரர் ஒருவர், ஜப்பானிய சந்நியாசி ஒருவர். கரூர் ஜவுளி முதலாளி ஒருத்தர் சந்நியாசியின் பதிவை வாங்கி வைத்துக்கொண்டாராம். எடை குறைந்துவிட்டது, ஆனால் சாம்பார் சாதத்தைக் கண்டால் அரிசிக்கு என்ன செய்வதென்று தெரியாமல், அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறாராம். அதனால் ஒரே வீட்டில் ஒரே சமையலைச் சாப்பிடும் ஆளாக இருந்தால் நன்றாக ஒட்டும் என்றார் டாக்டர்.

வீட்டில் ஆள் தேடினார்கள். மகன் இளம்பரிதி அப்பாவின் வழியில் பாதி தூரம் வந்துவிட்டவன். மருமகள் ஷாலினி, என் வயிறு என்னோடது மாமா என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பிவிட்டாள். மிச்சமிருந்தது மனைவி அமிர்தவல்லி.

உண்மையில் முதலிலேயே தோன்றியிருக்க வேண்டிய பெயர் அது. நாற்பத்தோரு கிலோ. முப்பத்தைந்து வருஷத்தில் அவள் இரண்டாவது முறை சாதம் போட்டுக்கொண்டு குலோத்துங்கன் பார்த்ததில்லை. அவள் சாப்பிட்டுப் பார்த்ததே குறைவு என்பது அவருக்கு அப்போது உறைக்கவில்லை.

"இவளுக்குப் பசிங்கறதே கிடையாது டாக்டர். ஒரு கரண்டி சாதம், அடி ரசம், முடிஞ்சது. முற்றும் துறந்த வயிறு."

"அப்படியாம்மா?" என்று டாக்டர் அவளைக் கேட்டார்.

அமிர்தவல்லி கணவனைப் பார்த்தாள். "அப்படியே பழகிடுச்சு" என்றாள்.

ஒரு மாதம் அவள் புடவைக்குள் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு வழக்கம்போல் நடமாடினாள். எல்லோருக்கும் போட்டாள், எடுத்தாள், கடைசியில் அடுப்படியிலேயே நின்றபடி எதையோ சாப்பிட்டாள். பட்டை எல்லாவற்றையும் குறித்துக்கொண்டது. பதிவு அற்புதமாக வந்திருப்பதாகவும், இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு உறுதியாகப் போதும் சொல்லும் வயிற்றைத் தன் அனுபவத்தில் கண்டதில்லை என்றும் டாக்டர் எஸ்தர் பாராட்டினார். பாராட்டைக் குலோத்துங்கன் ஏற்றுக்கொண்டார்.

அறுவைச் சிகிச்சை முடிந்து சில வாரம் தண்ணீராகவும், பிறகு கூழாகவும், அப்புறம் குழைய வடித்த சாதமாகவும் உள்ளே போயிற்று. எதைக் கொடுத்தாலும் நாலு வாய்க்குமேல் வேண்டியிருக்கவில்லை. எடை சரசரவென்று இறங்கியது. சர்க்கரை மாத்திரை பாதியானது, பிறகு நின்றது. ராத்திரி முகத்தில் மாட்டிக்கொள்ளும் மூச்சு இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒருநாள் குளியலறையில் குனிந்து பார்த்தவர், தன் இரண்டு பாதங்களும் தெரிவதைக் கண்டு அமிர்தவல்லியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் நல்லா இருக்கு என்றாள். நகம் வெட்டணும் என்றும் சொன்னாள்.

மலைக்கோட்டை ஏறி இறங்கினார். மேடைக்குத் திரும்பினார். வயிற்று ஜோக்குகளுக்கு இப்போது வேலை இல்லாததால் அந்த இடத்தில் மன உறுதியை வைத்தார். நாக்கை ஆள்பவன் நாட்டை ஆள்வான் என்றார். விடாமுயற்சி, வைராக்கியம், தமிழர் உணவு மரபு எல்லாம் வந்தன. நரம்பில் உட்கார்ந்திருக்கும் அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. அதற்குள் இருந்த வயிறு யாருடையது என்பதும் வரவில்லை. நேரமின்மைதான் காரணம் என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

முதலில் காலைச் சாப்பாட்டில்தான் ஏதோ இடறியது. முன்பெல்லாம் ஏழரைக்கு அவர் மேஜையில் உட்காருவார், தட்டு வரும். இப்போதும் வந்தது. ஆனால் இட்லியைப் பிட்டு வாயருகே கொண்டுபோனால் உள்ளே ஏதோ கதவைச் சாத்தியது. வயிறு நிறைந்த உணர்வும் இல்லை, குமட்டலும் இல்லை. இன்னும் நேரமாகவில்லை என்பது போல ஒன்று. "பரிதி சாப்பிட்டானா?" என்று தன் வாய் கேட்பதைக் கேட்டு அவரே திடுக்கிட்டார். மகன் எந்த வகுப்பில் படிக்கிறான் என்றே ஒரு காலத்தில் தெரியாமல் இருந்தவர் அவர்.

பரிதி சாப்பிட்டான். அப்போதும் இட்லி இறங்கவில்லை. ஷாலினி சாப்பிட்டாளா? பாத்திரம் துலக்க வரும் செல்விக்குக் கொடுத்தாச்சா? எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவருக்குள் லேசாக ஒரு பசி தலைகாட்டும். அதுவும் விண்டுபோன தோசை, அடியில் ஒட்டிய சாதம், நேற்றைய குழம்பு ஆகியவற்றைத் தேடியே போகும். நடுத்துண்டு மீன் தட்டில் இருந்தால் கை தானாக அதை எடுத்து மகன் தட்டில் வைக்கும். அவன், இன்னும் கொஞ்சம் போடுங்க என்று சொன்னால் குலோத்துங்கனுக்கு வயிறு நிறைந்துவிடும். அத்தனை இதமான நிறைவை அவர் நாற்பது பஜ்ஜி தின்ற நாளிலும் கண்டதில்லை.

வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவர்கள் இப்போது இரண்டு பேர். அங்கேதான் சிக்கல். இவர் சாப்பிடாமல் அவள் சாப்பிட மாட்டாள். அவள் சாப்பிடாமல் இவருக்கு இறங்காது. மத்தியானம் இரண்டு மணிக்கும் இருவரும் அடுப்படியில் எதிரெதிரே நின்று, நீ சாப்பிடு, நீங்க சாப்பிடுங்க என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். ரசம் ஆறிப்போகும். ஒருநாள் செல்வியைக் கூப்பிட்டு இரண்டாவது தடவை சாப்பிடச் சொல்லிக் கெஞ்சினார். அவள், ஐயாவுக்கு என்னமோ ஆயிடுச்சு என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டாள்.

வெளியில் இதற்கு வேறு பெயர் கிடைத்தது. கல்யாண வீடுகளில் அவரை முதல் பந்தியில் நடுநாயகமாக உட்கார வைப்பார்கள். இலையைப் பார்த்ததும் எழுந்துவிடுவார். சும்மா நிற்க முடியாமல் சாம்பார் வாளியை வாங்கிக்கொண்டு வரிசையாகப் பரிமாறுவார். போட்டோ எடுத்தார்கள். புதுக்கோட்டை விழாக்குழுத் தலைவர் வடுகநாதன், அவரைப் படியிலிருந்து தூக்கிய ஆறு பேரில் ஒருவர், அந்த ஆண்டே அவருக்கு 'எளிமையின் இமயம்' பட்டம் கொடுத்தார். பொன்னாடை போர்த்தும்போது, அண்ணே நீங்க சாப்பிட்டதும்தான் நாங்க சாப்பிடுவோம் என்று அவர் மரியாதைக்காகச் சொன்ன வார்த்தையில் குலோத்துங்கனுக்கு அன்று சாப்பாடே இல்லாமல் போயிற்று.

எடை நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. கன்னம் ஒட்டியது, முடி கொத்தாக வந்தது. மாடிப்படியில் மறுபடியும் இளைத்தது. அவரோ நிறைவாகவே இருந்தார். கடைசியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு நிச்சயதார்த்தத்தில் பாயசம் ஊற்றிக்கொண்டே போனவர், பாத்திரத்தோடு விழுந்தார். இந்த முறை தூக்க இரண்டு பேர் போதுமாக இருந்தது.

டாக்டர் எஸ்தர் பழைய பதிவைத் திரையில் ஓடவிட்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, தன் பக்கம் ஒரு தப்பு நடந்துவிட்டது என்றார். மேலே அமிர்தவல்லியின் மூளையிலிருந்து வரும் கோடு, கீழே வயிற்றிலிருந்து வரும் கோடு. மேல் கோட்டைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். அது அத்தனை தெளிவாக இருந்தது.

"போதும்ங்கறது இவங்களுக்கு வயித்துலேர்ந்து வரல சார். அடுத்தவங்க சாப்பிட்டு முடிச்சதைக் கண்ணால பாத்தா வருது. சட்டியில எவ்வளவு மிச்சம்னு பாத்தா வருது. வந்து வயித்தை அமுக்கிடுது. அதைத்தான் திருப்தின்னு நெனச்சு எடுத்து உங்களுக்கு வெச்சிருக்கோம்."

"அப்ப கீழ் கோடு?"

"அது முழு மாசமும் ஒண்ணையேதான் சொல்லிட்டிருந்திருக்கு."

"என்னன்னு?"

டாக்டர் அமிர்தவல்லியைப் பார்த்துவிட்டு, "பசிக்குதுன்னு" என்றார்.

குலோத்துங்கன் எத்தனையோ மேடைகளில் பெண்மையைப் போற்றியிருக்கிறார். அதற்கான சொற்கள் வரிசையில் நின்றன. எதுவும் பொருந்தவில்லை. அமிர்தவல்லி யாரோ தூரத்து உறவினரைப் பற்றிய செய்தி போல அதைக் கேட்டுக்கொண்டாள். பிறகு, இவருக்கு இப்ப ஒரு வாழைப்பழம் கொடுக்கலாமா டாக்டர் என்று கேட்டாள்.

வேறு யாருடைய பதிவையாவது வைத்துவிடலாமே என்றால், நரம்பு இவள் பதிவுக்குப் பழகிவிட்டது, புதிதாக எதை வைத்தாலும் ஆறு மாதம் ஒட்டாது, அதுவரை உடம்பு தாங்காது என்றார் டாக்டர். இவளிடமிருந்தே இன்னொரு பதிவு வேண்டும். இந்த முறை இவள் நிஜமாகவே வயிறு நிறையச் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம்.

அவ்வளவுதான் என்று சொன்னது சுலபமாக இருந்தது. வீட்டில் தலைவாழை இலை போட்டு அமிர்தவல்லியை முதலில் உட்கார வைத்தார்கள். குலோத்துங்கனே பரிமாறினார். அவள் உப்பு எடுக்க எழுந்தாள். பால் பொங்குமோ என்று எழுந்தாள். வாசலில் மணி அடிக்காமலேயே யாரோ வந்த மாதிரி இருக்கு என்று எழுந்தாள். சுற்றி நின்று எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். பரிதி படம் பிடித்தான். "சாப்பிடு அமிர்தம், என் உயிர் உன் தொண்டையில இருக்கு" என்றார் குலோத்துங்கன். அதைக் கேட்டதும் அவளுக்குப் புரையேறிவிட்டது. பட்டை எதையும் குறிக்கவில்லை.

டாக்டர் வீட்டை விட்டு வெளியே வரச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் உடம்பு தேறுகிறவர்களுக்கான அறைகள் இருந்தன. ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஒரு டிவி. அடுப்பு கிடையாது. வேளாவேளைக்கு மூடிபோட்ட தட்டு வரும். யார் சமைத்தது, யார் சாப்பிட்டார்கள், எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. வீட்டை யார் பாத்துக்குவா என்று அமிர்தவல்லி கேட்டதற்கு ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். இருந்தாலும் போனாள். கணவன் பிழைக்க வேண்டும் என்பதற்காக என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நினைத்துப் போனாள்.

முதல் சில நாள் தட்டைத் திறந்ததும் பாதியை நர்சுக்கு எடுத்து வைத்தாள். நர்சுகள் வாங்கக் கூடாது என்று உத்தரவு. பிறகு ஜன்னலில் காக்கைக்கு வைத்தாள். ஜன்னலைப் பூட்டினார்கள். அப்புறம் ஒரு சாயங்காலம் மசால் தோசை வந்தது. அவள் டிவியில் ஏதோ பார்த்துக்கொண்டே அதை முழுக்கச் சாப்பிட்டுவிட்டு, வெறும் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாளாம். அப்புறம் கதவைத் திறந்து, இன்னொண்ணு கிடைக்குமா என்று கேட்டாளாம். டாக்டர் எஸ்தர் தொலைபேசியில் இதைச் சொல்லும்போது அவர் குரலே மாறியிருந்தது. கீழ் கோடு மலை மாதிரி எழும்பி, மெதுவாக இறங்கி, அப்படியே அமர்ந்துவிட்டது என்றார்.

அவள் அங்கே இருந்த நாட்களில் குலோத்துங்கன் மெலிந்த உடம்போடு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தவறாமல் போய்ப் பார்த்தார். பூ வாங்கிப் போவார். அவள் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். தனிமையில் வாடுகிறாளே என்று பேச்சைக் கொஞ்சம் கூட்டியே பேசுவார். ஒன்றிரண்டு தீர்ப்புகளை முழுதாகவே சொல்லிக்காட்டினார்.

புதுப் பதிவை ஏற்றுவதற்குக் கத்தி தேவைப்படவில்லை. விலா எலும்புக்குக் கீழே தோல்மேல் சின்ன வட்டு ஒன்றை வைத்து, பதிவை உள்ளே அனுப்பிவிட்டு எடுத்தார்கள். மறுநாள் காலை குலோத்துங்கனுக்குப் பசித்தது. யாரையும் விசாரிக்காமல் தோசையைப் பிட்டு வாயில் போட்டார், இறங்கியது. இரண்டாவது தோசை பாதியில் உள்ளே தெளிவாக, மரியாதையாக, போதும் என்று கேட்டது. கை கழுவினார். கன்னத்தில் சதை பிடித்தது, ரத்தம் ஏறியது. அமிர்தவல்லி வீடு திரும்பினாள். குலோத்துங்கன் மேடைக்குத் திரும்பினார்.

திரும்பிய முதல் வாரமே அது தெரிந்துவிட்டது. ராத்திரிச் சாப்பாட்டில் அன்றைய கூட்டத்தைப் பற்றி விவரிக்க ஆரம்பித்தார். நாலு வாக்கியம் போவதற்குள் கதவு சாத்திக்கொண்டது. தட்டில் சப்பாத்தி அப்படியே இருந்தது. பேச்சை நிறுத்தினால் சற்று நேரத்தில் திறந்தது. மறுபடி ஆரம்பித்தால் மறுபடி சாத்தியது. மகன் பேசினால் ஒன்றுமில்லை, டிவி கத்தினால் ஒன்றுமில்லை. தன் குரல் தன் காதில் விழுந்தால் மட்டும் வயிறு போதும் என்றது.

மேடையிலும் அதேதான். நகைக்கடைத் திறப்பில், தீர்ப்புரையின் முன்னுரை முடியும் முன்பே தொண்டை வரை நிறைந்துவிட்டது. பெரிய விருந்து உண்டவர்போல் நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல், மருமகளே என்று ஒரு வார்த்தையில் தீர்ப்பைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அப்படி ஒரு கைதட்டலை அவர் வாழ்நாளில் வாங்கியதில்லை. கடை முதலாளி கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வருஷமும் இதே மாதிரி சுருக்கமா வெச்சுக்கலாம் சார் என்றார். குலோத்துங்கனின் மனம் அன்று பட்ட பாடு வயிறு பட்டதைவிட அதிகம்.

பேசாமல் இருக்க அவரால் முடியவில்லை. பேசினால் சாப்பிட முடியவில்லை. எடை மறுபடி இறங்கத் தொடங்கியது.

டாக்டர் எஸ்தரின் அறையில் இந்த முறை மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். புதுப் பதிவு திரையில் ஓடியது. எல்லா வேளையும் கீழ் கோடு அழகாக எழுந்து அழகாக அமர்ந்தது. நடுவே சில இடங்களில் மட்டும் எழும்பும்போதே அறுபட்டு விழுந்திருந்தது. டாக்டர் அந்த இடங்களில் விரலை வைத்தார்.

"எல்லாமே ஞாயித்துக்கிழமை மத்தியானம்" என்றார்.

வராண்டாவில் ஏதோ தள்ளுவண்டி போயிற்று.

பேசாமல் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, வேண்டுமானால் அதை மட்டும் வெட்டி எடுத்துவிடலாம், பத்து நிமிட வேலை என்று டாக்டர் சொன்னார். குலோத்துங்கனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வெட்டிடுங்க, இப்பவே வெட்டிடுங்க என்றார். டாக்டர் கணினிப் பக்கம் கையை நீட்டியபோது அமிர்தவல்லி பேசினாள்.

"டாக்டர், இந்தப் பதிவு யாரோடது?"

"உங்களோடதுதாம்மா."

"அப்படின்னா எனக்கும் ஒண்ணு வைங்களேன். ஒரு அரிசி."

டாக்டர் சிரித்தார். "உங்களுக்கு எதுக்கும்மா? உங்க வயித்துலேர்ந்து எடுத்ததுதானே, உள்ளயே இருக்குமே."

"அந்த ரூம்ல இருந்தவரைக்கும் இருந்துச்சு" என்றாள் அமிர்தவல்லி. "வீட்டுக்கு வந்தா மறந்துடுது."

குலோத்துங்கன் அன்று காலையை யோசித்துப் பார்த்தார். தான் சாப்பிட்டது நினைவிருந்தது. அவள் சாப்பிட்டாளா என்று தெரியவில்லை. புதுப் பதிவு வந்தபிறகு அதைக் கேட்கும் வழக்கம் அவருக்கு நின்றுபோயிருந்தது.

டாக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டு, இந்தச் சிகிச்சை எடை கூடினவர்களுக்குத்தான், ஒல்லியாக இருப்பவர்களுக்கு இதுவரை யாரும் வைத்ததில்லை என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, வைக்க முடியாது என்றும் இல்லை என்றார்.

"எனக்கு வெக்கறதுல அந்த ஞாயித்துக்கிழமையை எடுத்துடுங்க. இவர் பேசினாலும் நான் சாப்பிடணும்ல" என்றாள் அமிர்தவல்லி.

"சரிம்மா. சாருக்கும் எடுத்துடறேன்."

"அவருக்கு இருக்கட்டுமே." அவள் குரலில் கோபமில்லை. கடையில் எந்தப் பருப்பு வேண்டும் என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். "பேசாம சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. வீடும் இப்பதான் கொஞ்சம் அமைதியா இருக்கு."

டாக்டர் எஸ்தருக்குக் கை பாதி வழியில் நின்றது. நோயாளி ஒன்று சொல்கிறார், பதிவுக்குச் சொந்தக்காரர் ஒன்று சொல்கிறார். அவர் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, கடைசியில் பார்வையைக் குலோத்துங்கன் மேல் நிறுத்தினார். நீங்களே சொல்லுங்கள் என்பது போல.

அப்படி இரண்டு பக்கமும் தன்னைத் திரும்பிப் பார்க்கும்போது என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்கு உடம்பிலேயே ஊறிப்போன விஷயம். நிமிர்ந்து உட்கார்ந்தார். துண்டைச் சரிசெய்துகொண்டு தொண்டையைக் கனைத்தார்.

"பார்க்கப்போனால், இரண்டு பக்கமும் நியாயம்..."

விலா எலும்புக்குக் கீழே, தெளிவாக, மரியாதையாக, போதும் என்று கேட்டது.

அவர் வாயை மூடிக்கொண்டார். அமிர்தவல்லி நாற்காலியை டாக்டர் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு, "எனக்கு எப்ப வரணும்னு சொல்லுங்க" என்றாள்.